சரி என்று சொன்ன போர்டு

1988 ஜூலையில் ஒரு காலை, ஸ்ரீரங்கத்தில் அற்புதசாமியின் வீட்டுக்கு வந்த லூர்துராணி உட்காரக்கூட இல்லை. அவள் அரியமங்கலத்தில் பாய்லருக்கான கட்டுப்பாட்டு போர்டு செய்யும் பட்டறையில் புரோகிராமர். மெட்ராஸில் வேறு வேலை கிடைத்து ராஜினாமா கொடுத்திருந்தாள்.

"போர்டைச் சோதிக்கற என் டெஸ்ட் புரோகிராமை ரெண்டு வாரம் கழிச்சு நேத்து ஓட்டப் பார்த்தேன், கம்பைல் ஆகலைங்க சார். போற கோவத்துல ஒரு பகுதிய வெட்டிட்டேன்னு மேனேஜர் சொல்றார். ஒத்துக்கலைன்னா போலீஸாம், ரிலீவிங் லெட்டரும் கிடையாதாம்."

பாலிடெக்னிக்கில் அவளுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற அற்புதசாமி எதற்கும் அவசரப்படமாட்டார். அவசரமெல்லாம் அவருடன் சுற்றும் டிவி மெக்கானிக் ஜமாலுக்குத்தான். பஸ் காவேரிப் பாலம் தாண்டுவதற்குள் மேனேஜர்தான் குற்றவாளி என்று அவன் தீர்மானித்துவிட்டான்.

பட்டறையில் மேனேஜர் தைரியராஜ் திரையைக் காட்டினார். புரோகிராமைச் சற்றுக் காத்திருக்க வைக்கும் 'தாமதம்' என்ற பகுதியைக் காணவில்லை என்றது அது. அற்புதசாமி, அவள் எழுதியதைத் திரையில் வரவழைத்து, பழைய அச்சுப்பிரதியோடு வரி வரியாக ஒத்துப் பார்க்க ஜமாலை உட்காரவைத்தார்.

"ஒரு புள்ளிகூட மாறலைங்க. தாமதமும் இருக்கு," என்றான் ஜமால் ஏமாற்றத்துடன். திருடனே இல்லாத திருட்டு அவனுக்குப் பிடிக்கவில்லை.

எழுதிய புரோகிராமைச் சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் கம்பைல் கட்டளையை அங்கே யாரும் மனப்பாடம் செய்வதில்லை. சுவரில் ஒட்டிய சீட்டைப் பார்த்து அப்படியே தட்டுவார்கள். பழுப்பேறிய அந்தச் சீட்டின் கடைசியில் வெள்ளையாக ஒரு துண்டு ஒட்டியிருப்பதை ஜமால் காட்டினான்.

"நான்தான் ஒட்டினேன், பத்து நாளாச்சு," என்றார் தைரியராஜ். "சிப்புல இடம் பத்தல. கடைசியில இதையும் சேர்த்துத் தட்டினா புது கம்பைலர் புரோகிராமைச் சுருக்கிக் கொடுக்குது."

"எதை எடுத்துச் சுருக்கும்?" என்று கேட்டார் அற்புதசாமி. "வேண்டாததைத்தானே. தாமதத்தைக் கூப்பிடறது வேற ஃபைல். இந்த ஃபைலை மட்டும் பார்த்தா அது யாருக்கும் வேண்டாத பகுதி. வெட்டினது கம்பைலர்ங்க."

வெள்ளைத் துண்டில் இருந்ததை விட்டுவிட்டு லூர்துராணி தட்டினாள். புரோகிராம் கம்பைல் ஆனது.

"சரி, விடுங்க," என்றார் தைரியராஜ் அரைமனதாக. "என்னோட மெமரி டெஸ்ட் இப்படித் தகராறு பண்ணலையே. பத்து நாள்ல நாப்பது போர்டு பாஸ் பண்ணி அனுப்பிட்டேன்."

"அந்த டெஸ்ட் என்ன செய்யும்?"

"ஒரு எண்ணை எழுதும், திருப்பிப் படிக்கும், ஒத்துப்பார்க்கும்."

அற்புதசாமி மேஜையில் இருந்த போர்டைக் காட்டினார். "ஜமால், அந்த ரெண்டாவது மெமரி சிப்பைக் கழட்டுங்க. சார், இப்ப உங்க டெஸ்ட்டை ஓட்டுங்க."

சிப் ஜமாலின் உள்ளங்கையில் இருந்தது. திரையில் 'மெமரி சரி' என்று வந்தது.

"எழுதினது என்னன்னுதான் தெரியுமே, திருப்பி எதுக்குப் படிக்கணும்னு அந்தப் படிக்கற பகுதியையும் கம்பைலர் எடுத்துடுச்சு," என்றார் அற்புதசாமி. "இந்தப் பொண்ணோட டெஸ்ட் நின்னுபோய் உங்களைக் காப்பாத்திச்சு. உங்களுது சத்தமில்லாம பொய் சொல்லிட்டிருக்கு."

நாற்பது போர்டும் எங்கெங்கோ ஊர்களில் பாய்லர்களை இயக்கிக்கொண்டிருந்தன. தைரியராஜ் மெல்ல உட்கார்ந்தார்.

"லூர்துராணி, ஒரு வாரம் இருந்து டெஸ்ட்டையெல்லாம் சரிபண்ணிக் கொடுத்துட்டுப் போக முடியுமாம்மா?"

"முதல்ல லெட்டரை எழுதுங்க சார்."

அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் அதை இரண்டு முறை படித்து, மடித்துக் கைப்பையில் வைத்தாள். பிறகு போர்டு போன ஊர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வெளியூருக்குப் பேசி எச்சரிக்க முதல் டிரங்க் காலைப் பதிவு செய்யப் போனாள்.