சாக்கடை மீட்டர்

தூத்துக்குடி கடல்மேட்டு அடுக்ககத்தில் விடிந்ததா என்று யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வீடு குழாயைத் திறந்து வைத்துவிட்டுத்தான் படுப்பார்கள். தண்ணீருக்கு முன்னால் காற்று வரும். அது சீட்டியடித்ததும் மொத்தக் குடியிருப்பும் குடத்தோடு எழுந்துவிடும்.

கீழ்த்தளத்தில் தாய்க்குழாயைக் கவ்விக்கொண்டிருக்கும் மீயொலி மீட்டர் அந்தத் தண்ணீரை அளந்து, நகரத்தின் கணிப்பொறியான நீர்க்காவலனுக்குச் சொல்லும். அடுக்ககத்துக்கு ஒதுக்கிய பங்குக்குள் செலவழித்தால், வீடிழந்து உள்நாட்டு முகாமில் காத்திருக்கும் ஒரு குடும்பம் அடுக்ககத்துக்குள் வரலாம். மிஞ்சினால் கதவு திறக்காது.

நீரளவுப் பொறுப்பு ஜெனோவாவுடையது. அவள் தங்கை ரெஸ்தித்தா கைக்குழந்தையோடு கோவில்பட்டி முகாமில் காத்துக் கிடந்தாள்.

ஆனால் குளிப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டும் மீட்டர் மிஞ்சியதாகவே காட்டியது. ஒருவரையொருவர் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார்கள். ஜெனோவாவும் பக்கத்து வீட்டு அடுக்களையைச் சாடையாக எட்டிப் பார்த்தாள்; அந்தக் கேவலம் அவளுக்கே பொறுக்கவில்லை. ஒரு காலையில் சும்மா தாய்க்குழாயில் காதை வைத்தவள் திடுக்கிட்டாள். உள்ளே ஒரே களகளப்பு. திறந்த குழாய்கள் வழியே புகுந்த காற்று!

அன்றே சங்கத் தலைவர் மச்சாதுவிடம் ஓடினாள். துறைமுகத்தில் கப்பல்களை அதட்டி ஓய்வு பெற்றவர் அவர்.

“நம்ம மீட்டரு தெளிஞ்ச தண்ணிக்குத்தான் அண்ணாச்சி. இந்தப் பக்கமிருந்து விடுத ஒலி அந்தப் பக்கம் போய்ச் சேரணும். குமிழி மறிச்சா சேராது. ஒலி சேரலைன்னா, குழாய் நெறைய ஓடுதுன்னு காவலன் எழுதிக்கிடுதான்.”

“அப்போ யாரும் திருடலியா?”

“யாருமே திருடலை. தெனமும் பைப்பை மூடி வச்சா சீட்டி கேக்காது, தண்ணி வந்ததே தெரியாமப் போயிரும். குமிழியில பட்டுத் திரும்புத எதிரொலியை வச்சு அளக்க மீட்டர் இருக்கு. அதை வாங்குவோம்.”

“எது, சாக்கடையில மாட்டுவானுவளே, அதா? குடிக்கத் தண்ணிக்கா? நாலு பேரு சிரிக்க மாட்டானுவளா?”

“சிரிச்சிட்டுப் போறானுவ. எந் தங்கச்சி பச்சப் பிள்ளையோட முகாம்ல கெடக்கா அண்ணாச்சி.”

மச்சாது மீசையைத் தடவினார். பிறகு சரியென்று தலையசைத்தார்.

புது மீட்டரை நீர்க்காவலன் சோதிக்கும் நாளன்று விடியுமுன்பே ஜெனோவா அந்த எதிரொலிமானியின் முன் நின்றாள். மச்சாது வெற்றி வீரராக இறங்கி வந்தார்.

“நேத்தே வீடுவீடாப் போயி எல்லாப் பைப்பையும் இறுக்க மூடச் சொல்லிட்டேன். சொட்டுத் தண்ணி வீணாவாது, பாத்துக்க.”

ஜெனோவா அலறினாள். “ஐயோ அண்ணாச்சி! காத்து உள்ள போகலைன்னா குமிழி ஏது? குமிழி இல்லாட்டா இந்த மீட்டரு ஊமை! மறுபடியும் மிஞ்சுச்சுன்னு காவலன் எழுதிருவான்!”

தண்ணீர் வரச் சற்று நேரமே இருந்தது. அவள் படிகளில் தாவி ஏறினாள். “பைப்பைத் திறங்க! எல்லாரும் திறங்க!” பின்னாலேயே மச்சாது, மூட்டு வலியை மறந்து, கப்பலை அதட்டும் அதே குரலில் கத்திக்கொண்டு வந்தார். குழாயை மூடு என்ற அதட்டலை மட்டுமே கேட்டு வளர்ந்த ஊரில் இப்படி ஒரு கூச்சலை யாரும் கேட்டதில்லை. பயந்துபோய்த் திறந்தார்கள். நேற்றைய மிச்சம் இறங்க, தாய்க்குழாய் மடக் மடக்கென்று காற்றைக் குடித்தது.

பிறகு சீட்டி கேட்டது. மூச்சிரைக்க இறங்கி வந்தபோது திரையில் எண்கள் நிதானமாக நடந்துகொண்டிருந்தன. பங்குக்குள் என்று பச்சை விளக்கு எரிந்ததும் ஜெனோவா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எத்தனையோ மாதப் பாரம் இறங்கிவிட்டது.

அந்த வாரமே ரெஸ்தித்தா வந்து சேர்ந்தாள். வந்த மாலையே, முகாம் பழக்கத்தில், அடுக்களைக் குழாயை இறுக்க மூடினாள். ஜெனோவா எழுந்து போய்த் திறந்துவைத்தாள்.

“தண்ணி போயிராதாக்கா?”

“போவாதுட்டி. திறந்தே கெடக்கட்டும். அதுனாலதான் நீ உள்ள வந்தே.”

விடியலில் குழாய் சீட்டியடிக்க, குழந்தை வீரிட்டது. மேல்மாடியிலிருந்து மச்சாதுவின் குரல் இறங்கியது.

“சாக்கடை மீட்டரு கூட்டியாந்த பிள்ளையா அழுவுது?”

ரெஸ்தித்தா திகைத்துப் பார்த்தாள். ஜெனோவா சிரித்துக்கொண்டே இன்னொரு குடத்தை எடுத்து அவளிடம் நீட்டினாள்.