கொட்டாவி

சிட்டு, பள்ளி ஆண்டு மலரின் வடிவமைப்பாளர். ஏழாம் வகுப்பில் இவ்வளவு நீளமான பதவி வேறு யாருக்கும் இல்லை.

ஒன்பதாம் பக்கம் ஆலைக் குடியிருப்புப் பிள்ளைகளைப் பற்றியது. மலர்க்குழுவை நடத்தும் சார் தலைப்புகூட வைத்துவிட்டார்: 'வாட்டும் வறுமையிலும் வாடாத மலர்கள்'. அதைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

"படத்தப் பாத்ததும் மனசு கரையணும். புரியுதா?"

சிட்டுவுக்குப் புரிந்தது. அந்தக் குடியிருப்பில்தான் அவளுடைய தோழி பட்டாசு இருக்கிறாள். வாயைத் திறந்தால் மூடமாட்டாள், அதனால் அந்தப் பெயர். ஓட்டப்பந்தயக் கோப்பையோடு அவளை சிட்டு பதினோரு படம் எடுத்திருந்தாள். பத்தில் பட்டாசு பல் தெரியச் சிரித்தாள். பதினோராவது, அவள் கொட்டாவி விட்டு முடித்த நொடி. கண்ணில் நீர் தேங்கியிருந்தது.

சிட்டு பதினோராவதைத் தேர்ந்தெடுத்தாள். கோப்பையை வெட்டி நீக்கினாள். படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கினாள்.

"பலே!" என்றார் சார். சிட்டு அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

மறுநாள் பட்டாசு கணினி அறைக்கு வந்தாள். "எங்கடி என் படம்? அம்மா ஆறு மலர் கேட்டிருக்காங்க. அத்தைக்கு ஒண்ணு, சித்திக்கு ஒண்ணு..."

திரையைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுல யாரு செத்துட்டாங்க?"

சிட்டு விசைப்பலகையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"கப்பு எங்க?"

"பக்கத்துல இடமில்ல."

அந்தப் பக்கத்தில் பாதி காலியாகத்தான் கிடந்தது. சோகத்துக்கு இடம் வேண்டும் என்று சிட்டுவே விட்டது. பட்டாசு அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். சிட்டுவைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். பட்டாசு பேசாமல் போனதை சிட்டு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நான்கு மணிக்கு மலர் அச்சுக்குப் போகிறது. மணி மூன்று. சிட்டு சாரிடம் ஓடினாள்.

"சார், அது அழுகை இல்ல. கொட்டாவி."

"எது?"

"ஒன்பதாம் பக்கம். அவ ஓட்டத்துல ஜெயிச்ச கப்ப நான்தான் வெட்டிட்டேன்."

"அதனால என்னம்மா? படத்துல உணர்ச்சி இருக்கே."

"உணர்ச்சி நமக்குத்தான் சார். அவளுக்குத் தூக்கம்."

சார் கண்ணை மூடினார். இந்த முறை தலைப்பு எதுவும் வரவில்லை. "அப்ப என்ன போடறது?" என்றார் மெதுவாக.

"அவளையே கேட்டுட்டு வரேன் சார்."

பட்டாசு மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள்.

"தப்புதான்டி," என்றாள் சிட்டு. "உன்னப் பாவம் மாதிரி காட்டினா எனக்குப் பேர் வரும்னு நெனச்சேன். எந்தப் படம் வேணும், நீயே சொல்லு. தலைப்பும்."

பட்டாசு நிமிர்ந்து பார்த்தாள். "அழறியா?"

"இல்ல. கொட்டாவி."

பட்டாசு சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மலர் வந்தது. ஒன்பதாம் பக்கத்தில் கோப்பையும் பல்லும் வண்ணத்தில் மின்னின. மேலே தலைப்பு: 'கப்பு இப்போ எங்க வீட்டு டிவி மேல இருக்கு'.

மலர் அச்சுக்குப் போன அன்று மூன்றரை மணிக்கு எடுத்த மலர்க்குழுப் படம் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அதில் சிட்டுவின் கண் சிவந்திருந்தது. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பட்டாசே பதில் சொன்னாள்.

"அது கொட்டாவி."