தாழ்ப்பாள் இல்லாத கதவு

உலகத்தில் இதுவரை செய்யப்பட்ட கதவுகளில் கடலையே வெளியே நிறுத்திவைத்தது ஒன்றே ஒன்றுதான். அது தச்சர் தன் வீட்டுக்குத் தானே செய்துகொண்டது. இதைச் சொன்னவரும் தச்சர்தான். புயல் தீவைத் துடைத்துப்போட்டு ஐந்து வாரமாகிறது. நிவாரணக் கூடாரத்தில் சாப்பாட்டுக்கு நின்ற எல்லோரும் இதை இரண்டு தடவையாவது கேட்டிருந்தார்கள். மூன்றாவது தடவை கேட்க நேர்ந்தவர்கள் வரிசை மாறி நின்றார்கள்.

அந்தக் கதவில்தான் ஈரம் கசிந்தது.

உள்பக்கம், நெஞ்சுயரத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு. தச்சர் இழைப்புளியால் ஒரு சீவு சீவினார். சீவல் உப்புக்கரித்தது. மறுநாள் அதே இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஈரம். மறுபடி சீவினார். அதற்கடுத்த நாள், உள்ளங்கைக்கு மேலே ஐந்து கோடுகள் முளைத்திருந்தன.

மரம் என்றால் கசியத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனைவி இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பார். அவள் புயலுக்கு மறுநாளே தாய்வீட்டுக்குப் படகேறிவிட்டாள். காரணத்தை அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

அன்று பிற்பகல் எதிர்வீட்டுப் படகு மெக்கானிக் வந்தான்.

"அண்ணே, என் கதவுக்கும் தாழ்ப்பாள் வேணாம்."

புயலுக்குப் பிறகு தீவில் எல்லோரும் இப்படித்தான் கேட்டார்கள். காணாமல்போன பதினேழு பேரில் யார் திரும்பி வந்தாலும் தட்டிவிட்டு நிற்கும்படி ஆகக்கூடாதாம்.

"தாழ்ப்பாள் இல்லாததுக்குப் பேரு கதவா? ஜன்னல் துணிய வாங்கி மாட்டு, மிச்சம். செத்தவங்க என்ன, சாவியத் தொலைச்சிட்டா நிக்கிறாங்க?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். பதினேழில் ஒருத்தி இவன் மனைவி.

மெக்கானிக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"தண்ணி ஏறுனப்ப நான் படகுத்துறையில மாட்டிக்கிட்டேன்ணே. அவ உங்க வீட்டுக்குத்தான் ஓடி வந்திருப்பா. தட்டுன சத்தம் எதுவும்..."

"அந்தக் காத்துல இடி விழுந்தாலே கேக்காதுப்பா."

கேட்டது. பதினோரு தட்டு, முதலில் விரல் முட்டியால், பிறகு உள்ளங்கையால். நடுவில் நான்கு முறை "அண்ணே". திறந்தால் தண்ணீரும் சேர்ந்து வரும் என்று தச்சர் இரும்பு பீரோவை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார். அதன் கால்கள் சிமெண்டுத் தரையில் கிறீச்சிட்ட சத்தம் காற்றையும் மிஞ்சியது. உள்ளே ஆள் இருப்பது அவளுக்கு அப்போதுதான் நிச்சயமாகியிருக்கும்.

அதற்குப் பிறகு அவள் தட்டவில்லை.

மெக்கானிக் அளவு கொடுத்துவிட்டு, "உங்க கையால செஞ்சா நல்லா இருக்கும்ணே" என்று சொல்லிப் போனான். தச்சர் தலையைத் தூக்கவில்லை.

வெயில் சாய்ந்தது. மின்சாரம் இன்னும் தீவுக்கு வரவில்லை. வீட்டுக்குள் சேற்று வாடையும் ஊறிய மரத்தின் புளித்த வாடையும் கலந்து நிற்க, கதவிலிருந்த கையிலிருந்து ஒரு சொட்டு இறங்கி, கீழே வரும் வழியெல்லாம் யோசித்து யோசித்து நின்று, கடைசியில் தரையைத் தொட்டது. அதற்கு வலப்பக்கம், இடுப்புயரத்தில், இன்னொரு ஈரம் படர்ந்துகொண்டிருந்தது.

சின்னக் கை.

அவள் இடுப்பில் எப்போதும் ஒரு குழந்தை இருக்குமே. அது இவ்வளவு நாள் தச்சருக்கு எப்படி நினைவுக்கு வராமல் போனது?

திருப்புளியை எடுத்தார். தெருவில் யாரும் பார்க்கவில்லையே என்று ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்துக்கொண்டார். நான்கு திருகாணிகள். தாழ்ப்பாளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். கதவைத் திறந்து வாசலில் இறங்கினார்.

"வாம்மா" என்றார், தனக்கே கேட்காத குரலில்.

யாருமில்லை. காய்ந்த தெரு.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது.

தள்ளினார். அசையவில்லை.

கடலே வந்து முட்டினாலும் அசையாது. அவர் செய்த கதவு.

பாதத்தில் குளிர்ச்சி. குனிந்து பார்த்தார். தெரு காய்ந்துதான் கிடந்தது. கணுக்கால் வரை குளிர்ந்தது. பிறகு முழங்கால்.

விரல் முட்டியால் தட்டினார். பிறகு உள்ளங்கையால்.

எதிர்வீட்டிலிருந்து மெக்கானிக்கின் குரல். "என்னண்ணே, உங்க வீட்டையே தட்டுறீங்க? உள்ள யாரு?"

தச்சர் மறுபடி தட்டினார். குளிர் நெஞ்சுக்கு ஏறியிருந்தது.

உள்ளே, சிமெண்டுத் தரையில், பீரோவை யாரோ இழுத்தார்கள். மெதுவாக. கதவை நோக்கி.