இன்னும் ஒரு பை

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ரத்தப் பை கதகதப்பாக இருந்தது. ரத்த வங்கியிலேயே காலம் தள்ளியவள் அவள். பை எப்படிச் சில்லிடும் என்று அவள் கைக்குத் தெரியும். அதோடு, சற்றுமுன் அந்தத் தட்டு காலியாக இருந்ததை அவளே பார்த்திருந்தாள்.

மாடியில் அவள் மகளுக்குக் கல்லீரல் மாற்று அறுவை நடந்துகொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்து யார் யார் ரத்தமோ ஏற்றி ஏற்றி, வரும் ரத்தத்தோடெல்லாம் சண்டை போடும் உடம்பாகிவிட்டது அது. எதைக் கலந்து பார்த்தாலும் திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும். அண்ணன் ரத்தம் மட்டும் சேரும். அவனும் போன மழைக்காலத்தில் லாரிக்கு அடியில் போய்விட்டான். எங்கெங்கோ அலைந்து பிடித்த பைகள் தீர்ந்துவிட்டன.

போன் அலறியது. மயக்க மருந்து டாக்டர்.

"அக்கா, ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. ஏதாவது கிடைச்சுதா?"

கையிலிருந்த பையிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, மகள் ரத்தத்தோடு கலந்து பார்த்தாள். கட்டவில்லை. யாருடையது என்று யோசிக்காமல் அனுப்பிவிட்டாள். யோசித்தால் கை வராது.

அப்புறம்தான் கேட்டது. பூட்டியிருந்த ரத்ததான அறைக்குள் சாய்வு நாற்காலி முனகும் சத்தம். பையைத் தாலாட்டும் இயந்திரம் ஒரே சீராக ஆடும் சத்தம். கதவிடுக்கு வழியே ஸ்பிரிட் நெடியும், அதற்கடியில் மழையில் நனைந்த தார்ச்சாலையின் வாடையும்.

திறந்தாள்.

மகன். மடித்துவிட்ட சட்டைக் கை. வெளிறிய உதடு.

"பாப்பாவுக்குப் போதுமாம்மா?"

"கண்ணா... வலிக்குதாடா?"

"வலிக்கல. குளிருது. அந்தப் பை குடுத்ததும் நம்ம வீட்டுக்கு வழிதான் மறந்துபோச்சு."

இன்னொரு பை எடுத்தால் எது மறக்கும் என்று அவளுக்குப் புரிந்தது. அவனைக் கட்டிக்கொள்ளக் கை நீட்டினாள்.

மறுபடி போன்.

"அக்கா, சேர்ந்துடுச்சு! இன்னும் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு குடுங்க, பிழைச்சுடுவா."

நின்றாள். அழுதாள். புதுப் பையைப் பிரித்தாள். நரம்பைத் தடவினாள். ஊசி இறங்கியது.

"கையை மூடி மூடித் திறப்பா."

மூடினான். திறந்தான். குழாய் சிவந்தது. கன்னம் ஒட்டிப்போனது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், மெல்ல, மரியாதையாகச் சிரித்தான்.

"யாருக்குங்க இந்த ரத்தம்?"

பை நிறைந்துகொண்டிருந்தது.