மூன்றாவது துண்டு

“இன்று கேக் நாள்” என்று ஓவன் காலையிலேயே குரல் கொடுத்துவிட்டது.

வருடத்துக்கு ஒருமுறை, அடைமழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் சமயத்தில், அது இப்படிச் சொல்லும். அதற்கு யார் சொல்லிவைத்தார்கள் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியாது. வாங்கும்போதே அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். சொன்னால் செய்வாள். செய்து, ஆறவைத்து, மூன்று துண்டாக வெட்டுவாள். வீட்டில் இருப்பது அவளும் புருஷன் இன்னாசியும்தான். ஆனாலும் கத்தி மூன்றாகத்தான் வெட்டும். கைப்பழக்கம்.

இன்னாசி தன் துண்டை வீட்டில் தின்றதே இல்லை. “எனக்கு இனிப்பு ஆகாதுட்டி” என்று பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு வேலைக்குப் போய்விடுவான். டீயும் வெறும் டீதான். மூன்றாவது துண்டு சாயங்காலம்வரை மூடிக் கிடந்து, பிறகு காக்கைக்குப் போகும்.

இந்த முறை இன்னாசி அதிகாலையிலேயே வேலைக்குப் போய்விட்டான். மாவைச் சலித்து வைத்துவிட்டுப் பார்த்தால், மென்னினிப்பு டப்பா காலி. புயலில் பாலம் உடைந்ததிலிருந்து அதைக் கொண்டுவரும் நலவாரியத்து வண்டி வரவில்லை. பத்துப் பதினைந்து நாளாக அவளும் வெறும் டீதான் குடிக்கிறாள். ஊருக்கெல்லாம் ஒரே இனிப்பு மென்னினிப்புதான். ஒரு சிட்டிகை போட்டால் ஒரு கிலோ மாவுக்குப் போதும். ஆனால் கேக் சிவக்காது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்து வரும். காய்ந்துபோகாமலிருக்க ஒரு வாழைப்பழம் பிசைந்து போட வேண்டும். கேக் என்றால் வெள்ளையாகத்தான் இருக்கும் என்று ஊரே நம்பிவிட்டது.

எதிர் வீட்டுக் கலிஸ்டாவிடம் கேட்டாள்.

“எங்க வீட்லயும் இல்லக்கா. தூக்கமே வரமாட்டேங்கு. ராத்திரி பூரா யாரோ கூப்பிடுற மாதிரியே இருக்கு” என்றாள் கலிஸ்டா, கூடத்து உத்தரத்தில் தொங்கும் வெங்காயக் கூடையைத் துழாவிக்கொண்டே. அந்த உத்தரத்தில் இரண்டு கனத்த கொக்கிகள் உண்டு. ஒரு வெங்காயக் கூடைக்கு அத்தனை கனமான கொக்கிகள் எதற்கென்று இருவருமே யோசித்ததில்லை.

இப்படி அந்தத் தெருவில் யோசிக்காதவை எத்தனையோ, பாருங்கள். முக்குத் தண்ணீர் நிலையத்தில் குழாய்களெல்லாம் முழங்கால் உயரத்தில்தான் இருக்கும். எவன் வைத்தானோ என்று திட்டிக்கொண்டே குனிந்து பிடிப்பார்கள்.

வீடு திரும்பியவள், அடித்தட்டில் பழைய டப்பா ஏதாவது கிடக்குமோ என்று ஓவனுக்குக் கீழே கையை விட்டுத் துழாவினாள். மூலையில், சுவரோடு ஒட்டி, ஒரு சின்னப் பாட்டில் அகப்பட்டது. மூடியில் மஞ்சள் வாத்துப் படம். வளர்ந்தவர்கள் யாரும் பொருள் வைக்கிற இடமல்ல அது. தரையோடு தரையாகப் படுத்தால்தான் கை எட்டும்.

உள்ளே கல்லாய் இறுகிய வெள்ளைத் தூள். நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். வாசனையே இல்லை. மணல் மணலாக உதிர்ந்தது. சீனி! பழைய நாட்களில் எல்லோரும் தின்ற சீனி.

உடைத்து, வெண்ணெயோடு சேர்த்துக் கரண்டியால் தேய்த்தாள். மென்னினிப்பு சத்தமில்லாமல் கரையும். இதுவோ சரசரவென்று பேசியது. அந்தச் சத்தத்துக்கு அவள் முழங்கை தானாகவே பக்கவாட்டில் விரிந்தது, யாரோ உள்ளே நுழையாமல் மறிப்பதுபோல.

“சேர்மானம் மாறியிருக்கிறது. தொடரட்டுமா?” என்றது ஓவன்.

“தொடரு” என்று சொல்லிவிட்டு, விரலில் ஒட்டிய மாவை நக்கினாள்.

அவளுடைய அக்குளுக்கடியிலிருந்து ஒரு சின்ன விரல் நீண்டு கிண்ணத்துக்குள் இறங்கியது.

‘எடு கையை!’ என்று பட்டென்று ஓர் அடி. முன்பல் இரண்டும் விழுந்த வாய். அந்த ஓட்டை வழியாகக் காற்றாய் வந்த சிரிப்பு. ஃபிராக்குப் பை நிறையத் திருட்டுச் சீனி. பிறகு காய்ச்சல். தெரு முழுக்கப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். ஈரத்துணி. எரிகிற நெற்றி. ஆறிப்போன நெற்றி.

ஜெசிந்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வந்தது, மணம் வந்தது, கழுத்து மடிப்பில் பூசிய பவுடர்கூட வந்தது. பெயர் மட்டும் வரவில்லை. ‘என் பிள்ளை, என் பிள்ளை’ என்று வாய் அசைந்ததே தவிர, கூப்பிட ஒரு பெயரில்லை.

வயிற்றில் சுமந்தவளுக்கே பெயர் தெரியவில்லை. இன்னாசிக்கும் எல்லாம் மறந்துபோயிருந்தால்? இல்லாத பிள்ளையைக் கொண்டுவந்து அந்த மனுஷன் மடியில் எப்படிப் போடுவது? அவனிடம் கேட்காவிட்டால் அந்தப் பெயரை இந்த உலகத்தில் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

ஓவன் மணியடித்தது. கேக் பொன்னிறமாய்ச் சிவந்து, நடுவில் லேசாக வெடித்திருந்தது. வாசனை வாசல்வரை போயிற்று.

சாயங்காலம் வந்த இன்னாசி, ஒரு செருப்பைக் கழற்றியவன் மறு செருப்போடு அப்படியே நின்றான். கேக்கைப் பார்த்தான். மேசையில் இருந்த வாத்துப் பாட்டிலைப் பார்த்தான்.

“அது... எங்கட்டி இருந்துச்சு?”

“ஓவனுக்கு அடியில.”

“வாரியத்துக்காரன் வீட்டையே பெரட்டி அவ சாமான் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போனான். அங்க மட்டும் பாக்கல போல” என்றவன், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“ஒங்களுக்குத் தெரியும்” என்றாள் ஜெசிந்தா.

அவன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான்.

“நீ சோறு திங்கல, தூங்கல. கடலுக்குள்ள எறங்கி நடந்த. ரெண்டு தடவ நான்தான் இழுத்துட்டு வந்தேன். மென்னினிப்பு சாப்புட்டா மறந்துரும்னாங்க. தெருவே சரின்னுச்சு. ஒனக்கும் சேத்து நான் சரின்னேன்.”

“நீங்க?”

“நானும் தின்னுட்டா, அவள நெனைக்க ஆளு வேண்டாமா?”

“ஓவனுக்குச் சொல்லி வச்சது நீங்கதானா?”

“அவ பொறந்தநாளுல்லா.”

ஜெசிந்தாவுக்கு ஆத்திரம் பொங்கியது. “என் பிள்ளைய எங்கிட்ட இருந்து எடுத்து ஒளிச்சு வைக்க ஒங்களுக்கு யாருங்க உரிமை குடுத்தா? நான் செத்தாலும் பரவாயில்லன்னு விட்டிருக்கணும்!” என்று அவன் தோளில் குத்தினாள். அவன் தடுக்கவில்லை. குத்திய கை ஓய்ந்து அவன் சட்டையையே பற்றிக்கொண்டது.

“பேரு வரமாட்டேங்குங்க. பேரச் சொல்லுங்க.”

வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ காலம் ஆகிவிட்ட பெயர்.

“நேவிஸ்.”

“நேவிஸ்” என்றாள் அவள். “நேவிஸ். சீனித் திருடி நேவிஸ்.”

கேக்கை மூன்றாக வெட்டினாள். இந்த முறை யாருக்கென்று தெரிந்து வெட்டினாள். இன்னாசி தன் துண்டை முதல்முறையாக வாயில் வைத்து, மெல்ல முடியாமல் அழுதான்.

“யக்கா!” என்று வாசலில் கலிஸ்டாவின் குரல். கையில் ஒரு தட்டு. “என்ன வாசனைக்கா இது, மனுசிய ஒரு வேல செய்யவிட மாட்டேங்கு! எனக்கில்லாம ரெண்டு பேருமா முழுங்குறிய? அந்த மூணாவது துண்டு யாருக்கு? ஆளில்லன்னா எங்கிட்ட தள்ளுங்க.”

ஜெசிந்தாவின் கண் கலிஸ்டாவின் தோளைத் தாண்டி, எதிரே திறந்து கிடந்த அவள் வீட்டுக் கூடத்துக்குப் போயிற்று. உத்தரத்துக் கொக்கிகளில் வெங்காயக் கூடை அசைந்துகொண்டிருந்தது. இப்போது அவளுக்கு நினைவு வந்தது. அங்கே தொங்கியது கூடையல்ல, தொட்டில். அதற்குள் கிடந்தவனின் பெயர்கூட நினைவு வந்தது.

திரும்பி இன்னாசியைப் பார்த்தாள். அவள் கை தானாக நீண்டு மூன்றாவது துண்டை மூடியது.

“இது சரியா வரலடி. அடிப்பிடிச்சுப் போச்சு, பாத்தியா எப்படிச் செவந்திருக்குன்னு. வண்டி வரட்டும். வெள்ளையா, நல்லதாச் செஞ்சு தாரேன்.”

“கருமிக்கா நீங்க” என்று சிரித்துக்கொண்டே கலிஸ்டா இறங்கினாள். ஆனால் போய்விடவில்லை. வாசனை முகத்தில் மோத, தெரு நடுவில் நின்றாள். என்னவென்று அவளுக்கே தெரியாமல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, வெறும் தட்டை மார்போடு அணைத்து, இப்படியும் அப்படியுமாக மெல்ல ஆட்டத் தொடங்கினாள்.