முதலில் வெளிக்கதவு

பூட்டைத் திறந்து உள்ளே காலை வைத்ததுமே அவளுக்கு ஏதோ உறுத்தியது. வீட்டில் சத்தம் இல்லை.

ஒரு வாரமாக அந்த ஊதுவிசிறி ஹாலில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. குழந்தைகள் ஏறிக் குதிக்கிற காற்றுச் சறுக்குமரத்துக்கு வைப்பார்களே, அதே ரகம். இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, நோயாளிகளின் மூச்சுக் கருவிகளைக் கேட்டுக் கேட்டுக் காது புண்ணாகி, விடிந்து வீட்டுக்கு வந்தால் இது. 'சனியன் என்றைக்குத்தான் நிற்குமோ' என்று சபித்துக்கொண்டேதான் தினமும் படுக்கப் போவாள். இன்று நின்றுவிட்டது. அப்பாடா என்று செருப்பைக் கழற்றியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

விசிறி நின்றால் அது ஊதி நிறுத்தியிருந்த கூடாரம் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. பிளக் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. ஆனாலும் அந்த வெள்ளைத் தார்ப்பாய் உருளை ஹாலை அடைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, முன்னைவிட விறைப்பாக நின்றது.

அதுதான் அவள் கணவனின் விண்வெளி நிலையம். ஆள் லிஃப்ட் மெக்கானிக். அக்கம்பக்கத்தில் 'ராக்கெட்' என்றால்தான் தெரியும். தனியார் கம்பெனிகள் ஊதிப் பெரிதாக்குகிற நிலையங்களை மேலே அனுப்பப் போகின்றன என்று படித்த நாளிலிருந்து மனுஷனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

"மடிச்சு ராக்கெட்ல வச்சு அனுப்பிடுவாங்க. மேல போனதும் காத்தை விட்டா வீடு! இனிமே பெரிய விமானிங்கதான் போகணும்னு இல்ல. பஸ் மாதிரி ஆயிடும். நம்மளும் போகலாம்."

"கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். சமையலறைக் குழாய் ஒழுகுது, முதல்ல அதைப் பாருங்க."

சிரிப்பான். குழாய் இன்றைக்கும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் தார்ப்பாயை அவனே வெட்டி, அவனே தைத்து, வட்டமாக ஒரு பிளாஸ்டிக் ஜன்னலும் வைத்துவிட்டான். உள்ளே போக இரண்டு ஜிப் கதவுகள், நடுவில் ஒரு ஆள் நிற்க இடம். வெளிக்கதவை மூடிவிட்டுத்தான் உள்கதவைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றெல்லாம் போய்விடும். லீவு போட்டு அவன் உள்ளே வாழப் பழகத் தொடங்கிய முதல் நாளே, காபி கொண்டுபோனவள் தூக்கக் கலக்கத்தில் இரண்டையும் திறந்துவிட, மொத்த நிலையமும் அவன் தலையில் பொத்தென்று விழுந்தது. மகள் வயிறு வலிக்கச் சிரித்தாள். அவளுக்கும் சிரிப்புத்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. "மேல இருந்திருந்தா இந்நேரம் செத்திருப்போம்," என்றான்.

மகளின் அறையை எட்டிப் பார்த்தாள். படுக்கை காலி. பள்ளிக்கூட உடுப்பு தேய்த்தபடியே கொக்கியில் தொங்கியது. உள்ளே போய்ப் படுக்கக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! அப்பனுக்கு ஏற்ற பெண், இரண்டும் சேர்ந்தால் வீடு உருப்படுமா என்று அலுத்துக்கொண்டே, ஃபிரிட்ஜ் மேலிருந்த வாக்கிடாக்கியை எடுத்தாள். நிலையத்தோடு பேச வேண்டுமானால் அதில்தான் பேச வேண்டும் என்பது இன்னொரு சட்டம்.

"ஏங்க, வாலு உள்ளேயா இருக்கா?"

குழாய் சொட்டியது. மறுபடி சொட்டியது. பிறகுதான் கரகரத்தது.

"இருக்கா, இருக்கா. ஃபேனைப் புடுங்கிட்டேன் பாத்தியா? தன்னால நிக்குது!"

குழந்தை மாதிரிக் குதூகலம். அவளுக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலுக்கு அடியில் இன்னொன்று. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற மனுஷனின் குரல் தார்ப்பாய் வழியாக வரவே இல்லை. கருவியில் மட்டும்தான் வந்தது.

"விளையாடினது போதும். ஸ்கூலுக்கு நேரமாச்சு. அவளை வெளிய அனுப்புங்க."

குழாய் சொட்டியது. சொட்டியது. சொட்டியது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் விழுகிற இடைவெளியை வைத்தே டாக்டரைக் கூப்பிடலாமா என்று முடிவு செய்கிற காது அவளுடையது. இந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது அந்தக் காதுக்குத் தெரிந்தது.

"அம்மா!" மகளின் குரல். "என் கால் தரையில படவே இல்லம்மா!"

அவள் அருகில் போனாள். வெல்டிங் பட்டறை வாசலில் அடிப்பது போல, சுட்ட இரும்பின் வாசனை. தார்ப்பாயில் கையை வைத்தாள். ஐஸ் பெட்டிக்குள் விட்டது போல் விரல்கள் ஒட்டிக்கொண்டன. பிய்த்து எடுத்தபோது தோல் எரிந்தது.

வட்ட ஜன்னலில் கண்ணை வைத்தாள். உள்ளே எப்போதும் அவன் ஒரு பல்பு எரியவிட்டிருப்பான். எரிந்தது. பாயில்லாமல், தலையணையில்லாமல், தரையே தெரியாத ஓர் இருட்டுக்கு நடுவில், வெகு தூரத்தில், கடுகளவாக எரிந்தது.

ஜன்னலை விட்டுச் சட்டென்று பின்வாங்கினாள்.

"வெளிய வாங்க!" கருவியை மறந்து கத்தினாள். பிறகு நினைவு வந்து பொத்தானை அழுத்தினாள். "ரெண்டு பேரும் உடனே வெளிய வாங்க! நானே திறக்கிறேன்!"

கருவி வெறுமனே இரைந்தது.

காத்திருந்திருக்கலாம். ஆனால் அவளால் நிற்க முடியவில்லை. இரவெல்லாம் நின்ற கால்கள். உள்ளே பெற்ற பிள்ளை. வெளிக்கதவின் ஜிப்பை இழுத்து நடுவில் நுழைந்தாள். உள்கதவு. ஜிப் உறைந்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள்.

திறந்துகொண்டது.

காற்று அவள் முகத்தில் அறைந்தது. அவளைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தது. முதலில் குளிர். பிறகு இரும்பு வாசனை. கடைசியாக, வெதுவெதுப்பாக, மகளின் ஷாம்பு வாசனை.

அதுவும் போய்விட்டது.

தார்ப்பாய் அவள் தோளில் சரிந்தது. கையால் விலக்கிக்கொண்டு வெளியே வந்து திரும்பிப் பார்த்தாள். நிலையம் மெதுவாக அமர்ந்தது. படிந்தது. தரையோடு தரையானது. போர்வையை உதறிப் போட்ட மாதிரி. நடுவில் ஒரு மேடு இல்லை. ஒரு தலை இல்லை. ஒரு கை இல்லை.

அப்போதுதான் கருவி கரகரத்தது. 'நானே திறக்கிறேன்' என்று அவள் கத்தியதற்கு, இவ்வளவு நேரம் கழித்து, பதில் வந்து சேர்ந்தது.

"ஏய், இரு, இரு! வெளிக்கதவை முதல்ல மூடு. மூடிட்டியா? மூடாம உள்கதவைத் தொட்டுடாதே. கேக்குதா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். வெளிக்கதவு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"ஐயோ," என்றாள். "ஐயோ, ஐயோ."

மண்டி போட்டாள். தார்ப்பாயைத் தடவினாள். அடித்தாள். அடியில் டைல்ஸ். எங்கும் டைல்ஸ். பிளக்கைத் தேடி எடுத்துச் சுவரில் செருகினாள். விசிறி கத்தியது. அவள் சபித்த அதே சத்தம். தார்ப்பாய் ஓரத்தில் படபடத்தது, எழவில்லை. இரண்டு கதவும் திறந்து கிடந்தன. அவள் விரல்களுக்கு ஜிப் அகப்படவில்லை.

முழங்காலுக்கு அடியில் ஏதோ சில்லிட்டது.

வட்ட ஜன்னல். தரையில் மல்லாந்து கிடந்தது. பனி படர்ந்திருந்தது. முழங்கையால் துடைத்தாள். கீழே டைல்ஸ் தெரிய வேண்டும்.

இருட்டு தெரிந்தது. ஆழமாக.

அந்த ஆழத்திலிருந்து ஒரு சின்ன உள்ளங்கை வந்து பிளாஸ்டிக்கில் பதிந்திருந்தது. ஐந்து விரலும் விரிந்து. கட்டைவிரலில் நேற்று அவள் ஒட்டிவிட்ட பிளாஸ்திரி.

தன் கையை அதன்மேல் வைத்தாள். தட்டினாள். அது அசையவில்லை. பிறகு அசைந்தது. விரல்கள் மடங்காமல், அப்படியே, பிளாஸ்டிக்கை விட்டு மெல்ல மெல்லக் கீழே விலகியது.

விசிறி கத்திக்கொண்டே இருந்தது. அதற்கு மேலாக, தரையில் விழுந்து கிடந்த கருவியிலிருந்து மகளின் குரல் சிரித்துக்கொண்டே வந்தது.

"அப்பா, ஜிப் சத்தம் கேக்குது! அம்மா வந்துட்டா!"