பூதத்தை ஆஃப் செய்

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்ங்க."

"இந்த மிக்ஸிங் முடியட்டும், வேணி."

கல்யாணமான புதிதில் நடந்த பேச்சு.

ஆறு வருடம் ஓடிவிட்டது. மிக்ஸிங்தான் முடிந்தபாடில்லை...

தில்லை நகரில் வீட்டு மாடியிலேயே பாட்டுப் பதிவு ஸ்டுடியோ நடத்தும் சரவணனுக்கு இன்று ஏனோ அது ஞாபகம் வந்தது.

செல்போன் கிணுகிணுத்தது.

தெரியாத நம்பர். வாய்ஸ் மெசேஜ். பாதாளத்திலிருந்து வருவது போல ஒரு குரல்.

"உன் ஹார்ட் டிஸ்க் என்கிட்ட... பாட்டு வேணும்னா அஞ்சு மணிக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குத் தனியா வா..."

மேஜையைப் பார்த்தான்.

டிஸ்க் இல்லை!

நாளை ஆடிப்பெருக்கு. மனைவி வேணி பாடிய காவிரிப் பாட்டு காலையில் வெளிவந்தாக வேண்டும். ஒரு வருட உழைப்பு.

சரவணன் போன் செய்த பத்தாவது நிமிடம் எதிர்வீட்டு இன்ஸ்பெக்டர் முருகானந்தம் லுங்கியோடு வந்து உட்கார்ந்தார்.

"காப்பி எடுத்து வெச்சிருப்பீங்களே சார்?"

"வெச்சிருக்கேன்."

"எதுல?"

"அதே டிஸ்க்ல."

இன்ஸ்பெக்டர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். வேணி இருவருக்கும் டீ வைத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

"அந்த மெசேஜை இன்னொரு தடவை போடுங்க."

போட்டான். குரலுக்கு அடியில்... டக். டக். டக்.

"சார், இது என் ஏசி! இந்த ரூம்லதான் பேசியிருக்காங்க."

கம்ப்யூட்டரைத் திறந்தான். நேற்று அவன் கைலாசபுரம் போயிருந்த நேரத்தில் சேமித்த ஒரு ஃபைல். பெயர், பூதம்.

"எஃபெக்ட் எல்லாம் போர்வை மாதிரி சார். அழிக்க வேணாம். கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணா அசல் குரல் கேக்கும்."

முதல் பொத்தான். எதிரொலி போனது.

இரண்டாவது. கரகரப்பு போனது.

"ஆம்பளைதான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"பொறுங்க."

மூன்றாவது.

பெண் குரல்...

மிரட்டல் முடிந்த பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அதே குரல் காவிரிப் பாட்டில் ஒரு வரியை மெல்லப் பாடியது. பூச்சு இல்லை. தண்ணீர் போல இருந்தது.

சரவணன் மெதுவாகத் திரும்பினான்.

"நீயா?"

"டீ ஆறுதுங்க."

"டிஸ்க் எங்க?"

"அரிசி டின்ல. மெசேஜ் அனுப்பின புது சிம்மும் அதுலதான்."

"இந்த ஃபைலை ஏன் அழிக்காம விட்ட?"

"அழிச்சிருந்தா கேட்டிருப்பீங்களா? ஆறு வருஷத்துல இன்னிக்குத்தான் என் குரல்ல எல்லாத்தையும் ஆஃப் பண்ணிக் கேட்டிருக்கீங்க. அதுவும் திருடனைப் பிடிக்க."

அவன் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தான்.

"மிக்ஸிங் முடிஞ்சுதுன்னு வெச்சுக்கறேன். இப்பக் கேக்கட்டுமா?"

தலையாட்டினான்.

"நாளைக்கு வர்ற பாட்டுல என் குரலை இப்படியே விட்டுடுங்க. எஃபெக்ட் ஒண்ணும் போடாதீங்க."

இன்ஸ்பெக்டர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"விட்டுடுங்க சார். அடுத்த தடவை டிஸ்க்கோட நிக்காது. உங்களையே உள்ள வெக்கற உயரத்துக்கும் அரிசி டின் கிடைக்குது."